வழுக்கையாறும் நமது கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஆறில்லாத நாடு என்று கூறுவோர் பலர். அக்கூற்று முற்றும் உண்மையன்று. தெல்லிப்பழைப் பகுதியிலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை முதலிய ஊர்களின் குளங்களையும் வயல்களையும் தொடுத்துச் சென்று, அராலியிலே கடலேரியை அடைகின்ற வழுக்கையாறு ஒன்று உண்டு. மாரி காலத்தில் மட்டுமே அதனை ஆறென்று அழைக்கலாம். கோடையில் அதன் தடத்தைத் தேடித்தான் காணவேண்டும். ஆயினும், ஆறு வறண்ட பின்னரும் அயலிலுள்ள கிணறுகளில் நீர் நிற்கின்றது. ஆகவே, இவ்வடிநிலத்தின் மெய்யான ஆறு தரைக்குக் கீழே உள்ளது எனலாம். அந்நீர் எவ்வளவு எளிதிற் கெடக்கூடியது, அதனை முன்கூட்டியே அளந்தறிய இயலுமா என்பனவே இங்கு நான் ஆராய விரும்புவன.

முதலில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். நீர் மாசடைந்திருத்தல் வேறு. மாசடையக்கூடிய நிலையில் இருத்தல் வேறு. முன்னதைக் கிணற்றுநீரைச் சோதித்து அறியலாம். பின்னது நிலத்தின் இயல்பைப் பொறுத்தது. இன்று மாசு சிறிதும் இல்லாத கிணறும், நாளை நஞ்சு வந்து சேர்வதற்கு வழி திறந்திருக்கும் கிணறாக இருத்தல் கூடும். தரைக்கீழ் நீர் பற்றி இக்கருத்தினை 1968ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் பிரான்சிய அறிஞர் ழான் மார்க்கா ஆவர். நோய் வந்தபின் மருந்து தேடுவதற்கும், உடலின் மெலிவை முன்னறிந்து காத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே இது.

இத்தன்மையை அளவிட எழுந்த முறைகளுட் பெருவழக்குடையது, ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்துக்காக 1987ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ‘டிராஸ்ரிக்’ முறையாகும். அது ஏழு வினாக்களை எழுப்புகின்றது. நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது? ஆண்டுதோறும் எவ்வளவு நீர் உட்புகுகின்றது? நீரைத் தாங்கும் பாறை எத்தகையது? மேல்மண் எத்தகையது? நிலத்தின் சரிவு என்ன? மேல்மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட படை எத்தகையது? பாறையினூடே நீர் எவ்வளவு விரைவாகச் செல்லும்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, அவ்வவற்றின் முதன்மைக்கேற்ற நிறையாற் பெருக்கிக் கூட்டுவர். ஆழத்துக்கும் இடைப்படைக்கும் நிறை 5, உட்புகும் நீருக்கு 4, பாறைக்கும் நீரின் விரைவுக்கும் 3, மண்ணுக்கு 2, சரிவுக்கு 1. கூட்டுத்தொகை உயர உயர ஆபத்தும் உயரும். இத்தொகைகளை நிலப்படத்திலே வண்ணங்களாகத் தீட்டினால், காக்கப்படவேண்டிய இடங்கள் எவையென்பது கண்ணுக்குப் புலனாகும்.

இவ்வளவுகோலை வழுக்கையாற்று வடிநிலத்திலே வைத்துப் பார்ப்போம். இங்குள்ள பாறை மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் ஊழிக்கணக்காக அதனைக் கரைத்து, வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. இதே பாறையில் அமைந்த புத்தூர் நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அவ்வுள்ளமைப்புக்குச் சான்றுகள். டிராஸ்ரிக் பட்டியலிலே இவ்வாறு அரிக்கப்பட்ட சுண்ணக்கல் பெறுவது பெரும்பாலும் உச்சப் புள்ளியே. நீர்மட்டமோ பல இடங்களிற் சில மீற்றர் ஆழத்திலேயே இருக்கின்றது. செம்மண் படை பல இடங்களில் மெல்லியது. நீரை விரைந்து கீழே விடுவது. நிலமும் சமதரை. சரிவான நிலத்தில் வழிந்தோடிவிடும் அழுக்கு, இங்கே தேங்கி நின்று கீழிறங்கும். ஆக, வினாக்கள் ஏழாயினும் நமது நிலம் தரும் விடைகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சாய்கின்றன.

இவ்விடத்து ஓர் உண்மை சிந்தித்தற்குரியது. மழைநீரை வீணாக்காது உள்வாங்கிக்கொள்ளுதல் நமது நிலத்தின் பெருங்கொடை. அக்கொடையே அதன் மெலிவுமாகும். நீர் நுழையும் அதே வாயிலால் நஞ்சும் நுழைகின்றது. வாயிற்காவல் இயற்கையில் இல்லை.

இஃது ஏட்டளவான அச்சமன்று. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றுக்கு அளவுகடந்து இடப்படும் இரசாயனப் பசளை, இறைப்பு நீரோடு கிணற்றுக்கே மீளுகின்றது. வலிகாமத்துக் கமநிலங்களை அடுத்த கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. அத்தகைய நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் சிசுக்களின் உடல் நீலம்பாரித்தல், 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ உலகம் அறிந்துகொண்ட செய்தியாகும். வடிநிலத்தின் அயலே, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவில் நாடறிந்த துயரமாயிற்று. அங்கு அனல் மின்நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நீதியை நிலைநாட்டலாம். பாறை வெடிப்புகளிற் புகுந்த எண்ணெயை வெளியே எடுத்துவிடாது.

கெட்ட கிணற்றைக் கைவிட்டு ஆழமாகத் தோண்டலாமே எனச் சிலர் வினவுவர். குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்குமென்பது நீரியலார் கணக்கு. அதற்கும் அப்பாற் செல்வோர் காண்பது உவரே. மேலே மாசும் கீழே உவருமாக நெருக்குண்ட நீருக்கு மாற்று நம் நிலத்தில் இல்லை.

எனினும், டிராஸ்ரிக் முறையே முடிந்த முடிபென்று நான் கூறேன். மண்ணும் பாறையும் ஓரளவு சீராக அமைந்த நிலங்களுக்கே அம்முறை நன்கு பொருந்தும். சுண்ணக்கல் நிலத்திலோ, ஒரு தோட்டத்தின் மூலையிலுள்ள ஒரே வெடிப்பு முழு நிலத்தின் கணக்கையும் பொய்யாக்கிவிடும். இக்குறையை உணர்ந்தே சுவிற்சர்லாந்தினர் 1990களில் இத்தகைய பாறைக்கெனத் தனிமுறை வகுத்து, நீர் மறையும் குழிகளுக்கும் பிளவுகளுக்கும் முதலிடம் அளித்தனர். நமது ஊர்களில் வெள்ளம் எந்தப் பள்ளத்திலே சட்டென்று மறைகின்றது, எந்தக் கிணறு முதல் மழைக்கே கலங்குகின்றது என்பவற்றை அறிந்த கமக்காரர் இன்றும் உள்ளனர். அவர்களது அறிவு படத்திலே குறிக்கப்படாத வரையில், எந்த வண்ணப்படமும் நிறைவுடையதாகாது.

இப்பணியிற் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சிறந்த பங்குண்டு. மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் ஆழம், மாரியிலும் கோடையிலும் நீர்மட்டம், அருகிலுள்ள மலசலகூடக் குழியின் தூரம் ஆகியவற்றைக் குறித்து ஒரு படம் வரைவாராயின், அது பரீட்சைக்குப் பயன்படுவதோடு நில்லாது பிரதேச சபைக்கும் வழிகாட்டும். எண்ணெய்க் களஞ்சியம் எங்கே அமைதல் வேண்டும், குப்பை எங்கே கொட்டப்படலாகாது, எந்நிலத்திற் பசளையைக் குறைத்தல் வேண்டும் என்னும் முடிவுகள் அப்படத்தைப் பார்த்தபின் எடுக்கப்படுதல் வேண்டும். மாசு கிணற்றை அடைந்தபின் வரையப்படும் படம் வரலாற்றுக்கு உதவலாம், தண்ணீருக்கு உதவாது.