எழுதாமல் விட்ட வரி

ஒரு வழங்கிக் கணினி பழுதுற்றால் மற்றொன்று அதன் பணியை ஏற்கும்படி அவற்றை இரட்டையாக நிறுவுவது வழக்கம். அவ்வமைப்பின் உயிர், இயக்குமுறைகளைக் குறித்து வைத்த கைந்நூலிலும் தங்கியுள்ளது.

2017 ஜனவரி 31 அன்று, கிட்லாப் நிறுவனத்தில், துணை வழங்கிக்குத் தரவுகளைப் பிரதிசெய்யும் கட்டளை அசைவற்று நின்றது. பிரதான வழங்கி தரவு அனுப்பத் தொடங்கும்வரை அக்கட்டளை மௌனமாகவே காத்திருக்கும். இவ்வியல்பு கைந்நூலில் தெளிவுற எழுதப்பட்டிருக்கவில்லை. பழுதென்றெண்ணிய பொறியியலாளர், துணை வழங்கியின் கோப்புகளை அழிக்க முனைந்து, பிரதான வழங்கியிலேயே அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5.

அன்றாடக் காப்புப்பிரதிகளையேனும் நாடலாமெனின், பொருந்தாத பதிப்பு மென்பொருளால் அவை எடுக்கப்படவேயில்லை. அதனை அறிவிக்கும் மடல்களும் வந்து சேரவில்லை. ஒருமுறை மீட்டுப் பார்த்திருந்தால் இவ்வெறுமை முன்னரே புலப்பட்டிருக்கும். வேறொரு தேவைக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியே தற்செயலாகக் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் மீளவில்லை.