அறிக்கையில் வரும் புரதம் உணவுப் புரதம் அன்று

உணவுக்குழாய்ப் புற்றுநோயாளியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹெர்-2’, ‘பிடி-எல்1’ என்னும் புரதங்களின் பெயர்களைக் காணலாம். இவற்றை உயிரணுக்களே உருவாக்குகின்றன. உண்ணும் உணவால் இவை கூடுவதில்லை. ஹெர்-2 மிகுந்தால் புற்றணுக்கள் விரைந்து பெருகும். இரைப்பையை ஒட்டித் தோன்றும் சுரப்பித் திசுப் புற்றில் அது மிகுந்திருந்தால், டிராஸ்டுசுமாப் மருந்து பயன்படலாம். பிடி-எல்1 நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலைத் தடுப்பது. அதன் அளவைக் கொண்டு நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பயனை மருத்துவர் கணிப்பார்.

ஆகவே, ‘புரதம்’ என்ற சொல்லைக் கண்டு அஞ்சி, பால், முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடாதீர்கள். விழுங்க இயலாமல் மெலிந்துவரும் நோயாளிக்கு அவை மிகவும் தேவை. மயிலாடுதுறைப் பகுதி வீடுகளில் வழக்கமான அரிசிக் கஞ்சி மட்டும் போதாது. வெந்த பருப்பை மசித்து அதில் கரைத்து, சூடு தணிந்தபின் கொடுங்கள். உணவின் பதத்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நீரும் இறங்காவிட்டால், தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.