யந்திரமும் மனிதனும் – 9: கடலில் நின்றுபோகும் எஞ்சின்

சென்ற இதழில், வீதியில் ஓடும் வாகனங்களின் எஞ்சினுக்குள் போலி ஒயில் பில்டரும் போலிப் பெயாரிங்கும் புகுந்து விளைவிக்கும் நாசத்தை ஒருவாறு விவரித்தோம். கந்தளாயைத் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் லொறி ஒன்று அவ்விதம் நின்றுபோனால், சாரதிக்குப் பண நஷ்டமும் யானைப் பயமும் உண்டு. ஆயினும் காலடியில் நிலம் இருக்கிறது, பின்னால் வரும் வாகனம் ஏதாவது நிற்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அதே போலிச் சாமான், திருக்கடலூரிலிருந்தோ சல்லியிலிருந்தோ பொழுது புலருமுன் புறப்படும் மீன்பிடிப் படகின் எஞ்சினுக்குள் இருந்தால் என்ன நேரும் என்பதையே இந்த வாரம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

பல தேசத்து மாலுமிகளும் கொண்டாடிய திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையெல்லாம் அதன் ஆழத்திலேயே இருக்கிறது. சிறு படகுக்காரனுக்கோ அந்த ஆழமே சத்துரு. கொட்டியாரக் குடாவில் தொடங்கிச் சரிந்து இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று, வெளிக்கடலில் 3,000 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தை அடைகிறது. கோணேசர் ஆலயம் அமைந்த பாறையில் நின்றபடியே சில பருவங்களில் நீலத்திமிங்கிலத்தைக் காண முடிவதற்கும் ஆழ்கடல் இவ்வளவு சமீபத்தில் இருப்பதே காரணம். எஞ்சின் நின்ற படகு அங்கே நங்கூரம் போட முடியாது. எவ்வளவு கயிறு விட்டாலும் அடி தட்டாது. அது கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலமாயின், தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அக்காற்று படகைக் கிழக்கே, வங்காள விரிகுடாவின் விரிந்த பரப்புக்குள் தள்ளிக்கொண்டே போகும். இக்கரையில் கடல் அமைதியாக இருந்து தொழில் செழிப்பதும் அந்த மாதங்களிலேதான்.

இனி, எஞ்சின் நிற்பது எப்படி? படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினின் கீழ்ப்பகுதியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று இருக்கிறது. 'இம்பெல்லர்' எனப்படும் அது, கடல் நீரை உறிஞ்சி மேலே அனுப்பிச் சிலிண்டரைக் குளிர்விக்கிறது. எஞ்சினிலிருந்து பீச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பார்த்தே தொழிலாளி அதன் சுகத்தை அறிகிறான். அசல் இம்பெல்லர் உப்பையும் உஷ்ணத்தையும் தாங்கும்படி தயாரித்த செயற்கை ரப்பரால் ஆனது. போலியோ மலிவான ரப்பரில் வார்க்கப்பட்டு, அதே பெட்டியில், அதே முத்திரையோடும் இலக்கத்தோடும் கடைக்கு வந்து சேர்கிறது. சில காலம் ஓடியபின் அதன் இதழ்கள் விறைத்து வெடித்து, முறிந்த துண்டுகள் நீர்ப்பாதையை அடைத்துவிட, தாரை நின்று, வெப்பத்தால் விரிந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரோடு இறுகிப்போகிறது.

இதனினும் வஞ்சகமானது துத்தநாகக் கட்டி. எஞ்சினின் அலுமினிய உடலை உப்புநீர் அரிக்காதபடி, அதற்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே பொருத்தப்படும் உலோகத் துண்டு அது. கரைந்து போவதே அதன் தர்மம். துத்தநாகத்தில் இரும்பு மிகச் சிறிதளவு கூடுதலாகக் கலந்திருந்தாலும், மேற்பரப்பைப் படலமொன்று மூடிக்கொள்ள, கரைதல் நின்றுவிடுகிறது. மாதங்கள் கழிந்தும் கட்டி தேயாமல் புதிதுபோல் இருக்கிறதே என்று உரிமையாளர் சந்தோஷப்படுகையில், எஞ்சினின் உடலே கரைந்துகொண்டிருக்கிறது. கழிவு எண்ணெயை நல்ல போத்தலில் அடைத்து விற்கும் மோசடியும், உஷ்ணத்தில் வெடித்துச் சிலிண்டருக்குள்ளேயே துண்டு உதிர்க்கும் போலி ஸ்பார்க் பிளக்கும் இவற்றின் சகோதரங்களே.

இவற்றை வாங்குகிறவர்களைப் பேராசைக்காரர் என்று பழிப்பது பெரும் அநியாயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அதுவரை நாடு பழைய எஞ்சின்களைப் பழுது பார்த்தே ஓட்டிற்று. இடையில், 2022 இல், 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 ரூபாவை எட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், நம் சிறு படகுகள் பலவற்றுக்கு எரிபொருளாகிய மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறிற்று. எரிபொருளுக்கே கடன்பட்டவன், அசல் என்று எழுதிய பெட்டியைச் சற்றுக் குறைந்த விலைக்குக் கண்டால் வாங்காமல் என்ன செய்வான்? அவன் ஏமாற்றப்பட்டவன், அபாயத்தை அறிந்து ஏற்றவன் அல்லன்.

ஆகவேதான், மலிவான சாமான் வேறு, போலிச் சாமான் வேறு என்பதை வற்புறுத்துகிறேன். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பாவித்த ஜப்பான் சாமானை வாங்குகிறவனுக்கு அதன் வயது தெரியும். சொந்தப் பெயரில் விற்கும் மாற்றுத் தயாரிப்பை வாங்குகிறவனுக்கு அதன் தராதரம் ஒருவாறு தெரியும். இரண்டுக்கும் ஏற்றபடி அவன் எச்சரிக்கையாக இருப்பான். இரவல் முத்திரை ஒட்டிய பொருளோ அந்த எச்சரிக்கையையே பறித்துவிடுகிறது. பரிசோதகர்கள் நிறைந்த விமானத் துறையே இதில் தப்பவில்லை: 1989 செப்டம்பர் 8 ஆம் திகதி ஒஸ்லோவிலிருந்து ஹம்பேர்க் நோக்கிப் பறந்த நோர்வே விமானமொன்று கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டபோது, அதன் வாற்பகுதியைப் பிணைத்த ஆணிகளில் சில உரிய வலிமையற்ற போலிகள் என்று விசாரணையில் வெளிப்பட்டது.

சட்டம் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும், அதே ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாதவனால் முறையிடுவது கடினம். சீட்டுக் கேட்டு வாங்குவதும், கழற்றிய பழைய சாமானின் பெட்டியையும் போத்தலையும் கிழித்து நசுக்கி எறிவதும் தொழிலாளியால் இயன்றவை. இயலாதது விலை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடி, இம்பெல்லரையும் துத்தநாகக் கட்டியையும் எண்ணெயையும் அங்கீகாரம் பெற்ற முகவரிடமிருந்து மொத்தமாக வாங்கி, கொட்பே துறைமுகத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் தவணைக்குக் கொடுக்க முன்வந்தால், போலிப் பெட்டிக்கு இங்கே கிராக்கி வெகுவாகக் குறைந்துவிடும். பெரிய மூலதனம் கேட்கும் காரியமன்று அது. அடுத்த கச்சானுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.