ஒத்துக்கொள்ளும் முன் பிரிவு எண்ணைப் பாருங்கள்

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திருட்டு வழக்குக்குப் போகிறவர்கள் பலர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பிடிபட்டது ஒரு பை ஒட்டுப்பாலாகவோ இரண்டு ரப்பர் சீட்டாகவோ இருக்கும். "ஒத்துக்கிட்டா தண்டத்தைக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார். தவணைக்குத் தவணை ஒருநாள் பேரும் சம்பளமும் போய்விடுமே என்ற பயத்தில் இவரும் கூண்டில் ஏறித் தலையாட்டுகிறார். எந்தக் குற்றத்தை ஒத்துக்கொண்டார் என்று கேட்டால் தெரியாது. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கிறது.

தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு சாதாரணத் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை. வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடினால் 370. ஏழு ஆண்டு வரை. கைக்கு வந்த பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால் 386. இரண்டு ஆண்டு வரை. லயத்தில் குடியிருந்து கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பையன்மீது, தோட்டத்துப் பொருளை எடுத்ததாக 370 எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அவன் தோட்டத்து வேலையாள் என்று நிரூபிக்காவிட்டால், எடுத்தது உண்மையானாலும் 370 நிற்காது, 367தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 178ஆம் பிரிவு, நிரூபணமான அந்தச் சிறிய குற்றத்துக்குத் தீர்ப்பளிக்க இடம் தருகிறது.

  வாதிடச் சட்டத்தரணி இல்லையென்றால் உங்களுக்காக இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே சட்டத்தரணியோடு பேசாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொலிஸில் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்றே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விடாது.

முதல் வேலை, நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லி குற்றப்பத்திரத்தின் பிரதிக்கு விண்ணப்பிப்பது. அதில் எந்தப் பிரிவு எண் என்று பாருங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, அழைப்பாணை, குற்றப்பத்திரப் பிரதி, சம்பளத்துண்டு, கிராம உத்தியோகத்தர் தரும் வருமானக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்து திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் வீண். தவணைக்கு முந்தின நாள் ஓடாதீர்கள்.

குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் வாசித்தால், "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கூண்டிலிருந்தே சொல்லுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பைத் தரும் பொறுப்பை அரசின்மேல் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்பது அவர்கள் குறை. அதற்காக நீங்கள் ஏன் விளங்காத ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்?

முதல் தடவை, சிறு பொருள், இளவயது என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின் கீழ் குற்றத்தீர்ப்புப் பதியாமல் நிபந்தனையோடு விடுவிக்கும்படி சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அவர் மறந்தால் நீங்களே எண்ணைச் சொல்லி நினைவூட்டுங்கள்.

விளக்கம் நடந்து தீர்ப்பு பாதகமானால், மேன்முறையீட்டு மனுவைப் 14 நாளுக்குள் அதே நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்புப் பிரதி வரட்டும் என்று காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள். ஒத்துக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு இந்தக் கதவும் பெரும்பாலும் திறக்காது.