பனியன் ஊரில் ஒரு கொக்கரக்கோ!

திருப்பூர்ல காலையில எழுப்பி விடறதுக்கு மூணு விஷயம் உண்டு. கம்பெனி பஸ் ஹாரன், டீக்கடை பாட்டு, பக்கத்து வீட்டுச் சேவல். முதல் ரெண்டுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு விடுவாங்க. மூணாவது ஆசாமிக்கு லீவே கிடையாது!

‘நூலும் ஊசியுமா ஓடுற ஊர்ல ஏதுப்பா கோழி?’ன்னு கேக்கற வெளியூர் நண்பர்களே... பல்லடம் பக்கம் ஒரு தடவை பஸ் ஏறிப் பாருங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீள நீளமா ஷெட் தெரியும். எல்லாம் கறிக்கோழிப் பண்ணைகள். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானப்போ பனியனோட சேர்ந்து கோழியும் நம்ம மாவட்டக் கணக்குல வந்துடுச்சு. 1980-களில் உடுமலைப்பேட்டையில் ஆரம்பிச்ச சுகுணா நிறுவனம்தான் ஒப்பந்தப் பண்ணை முறையை இந்தப் பக்கம் பெரிசா வளர்த்தது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், கரண்ட், உழைப்பு விவசாயியோடது. சுமார் 40 நாள்ல ரெண்டு கிலோ வந்ததும் கோழியை எடுத்துட்டு வளர்ப்புக் கூலி கொடுப்பாங்க. நம்ம ஊர் பாஷையில சொன்னா, அதே ஜாப் ஒர்க். துணி அவங்களுது, மெஷினும் கையும் நம்மளுது!

ஆனா, நாம பார்க்கப் போறது அந்த ஆயிரக்கணக்குக் கோழிகளை இல்லை. கொல்லையில பத்து கோழி, ஒரு சேவல்னு வளர்க்கறாங்களே, அந்தக் குட்டி ராஜ்ஜியத்தைத்தான். இது ஜாப் ஒர்க் இல்லை பாஸ். சொந்த பிராண்டு!

ஒன்றரை ஷிப்ட் அக்கா

பெருமாநல்லூர் பக்கம் ஒரு அக்கா. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. காலையில எட்டரைக்குள்ள போனா, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீடு திரும்ப ராத்திரி எட்டரைக்கு மேல ஆயிடும். வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரம். அதுக்குக் கீழே ஒன்பது கோழி, ஒரு சேவல்.

‘‘கோழிக்குன்னு தனியா நேரம் எங்க கண்ணு இருக்குது? காலையில கூட்டைத் தொறந்து உட்டு, தண்ணி வெச்சு, ஒரு கை கம்பு எறைச்சுட்டு ஓடிருவேன். பொழுது சாஞ்சா அதுங்களே கூட்டுக்கு வந்துரும். கதவு சாத்தறது மட்டும் எம் பொண்ணு வேலை’’ங்கறாங்க.

அந்தப் பொண்ணு நம்மளை மாதிரி காலேஜ் செகண்ட் இயர். போன செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ரெண்டு சேவல் வித்த காசு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொல்லையில மேயற நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60-லேர்ந்து 80 முட்டை வரைக்கும் போடும். அதுவும் மொத்தமா இல்லை. பருவத்துக்கு 12, 15 முட்டை போட்டுட்டு, ‘போதும், இனி அடை படுக்கறேன்’னு உக்காந்துக்கும். நாமக்கல் பண்ணைகள்ல இருக்கற லேயர் கோழி வருஷத்துக்கு 300 முட்டை போடுது. ‘அப்புறம் நாட்டுக்கோழி எதுக்கு?’ன்னு தோணுதா? லேயர் கோழிக்கு தினமும் நூறு கிராமுக்கு மேல தீவனம் எடை போட்டு வைக்கணும். நம்மாளு பாதி வயித்தை புல், புழு, சிந்துன சோறுன்னு தானே தேடி நிரப்பிக்குவாரு. அடை காத்து, குஞ்சு பொரிச்சு, பருந்து வந்தா இறக்கையை விரிச்சு சண்டைக்கும் போவாங்க. இன்குபேட்டர், செக்யூரிட்டி, கிச்சன் வேஸ்ட் மேனேஜ்மென்ட்... த்ரீ இன் ஒன்!

குண்டு பல்ப் தியரி

அடை வைக்கற முட்டை ஒரு வாரத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. வெயில் காலத்துல மூணு, நாலு நாள் முட்டைன்னா நல்லது. ஏழாம் நாள் ராத்திரி இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிஞ்சா உள்ளே ஆள் இருக்கு. ஒண்ணுமே தெரியாம வெளிச்சம் பளிச்னு போனா கூ முட்டை. 21-ம் நாள் கீச் கீச்!

தாய்க்கோழி இருந்தா குஞ்சுக்குச் சூடு இலவசம். வெறும் குஞ்சா வாங்கிட்டு வந்தா நாமதான் அம்மா. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேணும். அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம். குஞ்சுக்கு ரெண்டு வாட்ங்கறது பழைய கணக்கு. 20 குஞ்சுன்னா ஒரு 40 வாட் பல்ப். ஆனா, கவனம்! பழைய குண்டு பல்ப்தான் வேணும். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும், கரண்ட் மிச்சம் பண்ணும், குஞ்சைக் காப்பாத்தாது. நம்ம வகுப்புல ‘வெப்ப இழப்பு’ன்னு திட்டற அதே சமாச்சாரம்தான் இங்கே ஹீரோ.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுங்களே சென்சார். பல்புக்குக் கீழே ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி நின்னா குளிருது, பல்பை இறக்குங்க. ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு ஜாஸ்தி, ஏத்துங்க. பரவலா நடமாடித் தின்னுட்டிருந்தா கரெக்ட். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ‘ஃபீட்பேக் லூப்’ புரியாதவங்க ஒரு அட்டைப்பெட்டியும் பத்து குஞ்சும் வெச்சுப் பார்த்தா போதும்!

மெனு கார்டு

கம்பு, சோளம், அரிசி நொய், தவிடு... இதெல்லாம் தெரிஞ்சதுதான். குஞ்சுக்குப் புரதம் வேணுமே? அதுக்குக் கிராமத்துல ஒரு சூப்பர் டெக்னிக் இருக்கு. பழைய மண்பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காய்ஞ்ச சாணி, வைக்கோல் போட்டு, தண்ணி தெளிச்சு, கறையான் இருக்கற இடத்துல சாயங்காலம் கவுத்து வெச்சுடணும். மறுநாள் காலையில எடுத்தா பானை முழுக்கக் கறையான். குஞ்சுங்களுக்கு அன்னிக்குப் பிரியாணி!

முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து கட்டாயம். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதுல ஓடு கட்டறதுக்கு மட்டுமே 20 மணி நேரம். கிளிஞ்சல் தூள் கிடைச்சா ஓரமா ஒரு கொட்டாங்குச்சியில வெச்சுடுங்க. எவ்வளவு வேணுமோ அதுவே கொத்திக்கும்.

நம்ம ஊருக்குன்னே ரெண்டு ஸ்பெஷல் பிரச்னை இருக்கு. ஒண்ணு, நூல்! பனியன் கட்டிங் வேஸ்ட், பிசிறு நூல் எல்லாம் வீதியில பறக்கும். அதைப் புழுன்னு நினைச்சு முழுங்கினா தீனிப்பையில போய்ச் சுருட்டிக்கும். குஞ்சு காலில் சுத்திக்கிட்டா, கால் வளர வளர நூல் இறுகி விரலையே எடுத்துடும். வாரத்துக்கு ஒரு தடவை கால்களைத் தூக்கிப் பார்க்கறதும், கொல்லையைக் கூட்டறதும்தான் வழி.

ரெண்டாவது, தண்ணி. சாயக்கழிவு நொய்யலை என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தப் பக்கம் பல இடத்துல போர் தண்ணி இன்னும் உப்புதான். உப்பு ஜாஸ்தியான தண்ணி குடிச்சா கோழிக்குத் தண்ணியா கழியும். அதனால நீங்க குடிக்கற தண்ணியையே அதுக்கும் வைங்க. வெயில் காலத்துல ரெண்டு இடத்துல, நிழல்ல வைங்க. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைச்சுத்தான் உடம்பைக் குளிர வெச்சுக்கும். ரொம்ப இரைச்சா ரத்தத்துல கார்பன்-டை-ஆக்சைடு குறைஞ்சு முட்டை ஓடு மெலிசாயிடும். சித்திரை மாச முட்டை கையில எடுத்ததும் உடையறது இதனாலதான்.

கூடு விஷயம் சிம்பிள். ராத்திரி அடைய, கோழிக்கு ஒண்ணரை சதுர அடி இடம். தரையிலேர்ந்து உயரமா, காத்தோட்டமா, நீளவாக்கு கிழக்கு மேற்கா இருந்தா வெயில் உள்ளே அடிக்காது. கம்பி வலையில கீரி நுழையற சந்து இருக்கக் கூடாது. இருந்தா, காலையில எண்ணிக்கை குறையும்.

மூணு நாள்ல எல்லாம் போச்சு

இப்போதான் முக்கியமான மேட்டர்.

‘‘ரெண்டு வருசத்துக்கு முந்தி, தீவாளி கழிஞ்ச நேரம். ஒரு கோழி ஒறங்கிக்கிட்டே நின்னுச்சு. வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சுது. மறுநாள் ரெண்டு. மூணு நாள்ல பதினோரு கோழியில எட்டு போயிருச்சு. கடையில மாத்திரை வாங்கிக் கரைச்சு ஊத்துனேன் கண்ணு, கேக்கவே இல்ல.’’

அக்கா சொல்ற அடையாளம் எல்லாம் வெள்ளைக்கழிச்சலுக்குப் பொருந்துது. புத்தகப் பேரு ராணிக்கெட் நோய். 1926-ல் ஜாவாவிலயும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துலயும் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் நோய் இது. அடுத்த ஓரிரு வருஷத்துல நம்ம நாட்டுல இமயமலை ஓரம் ராணிக்கெட்ல தெரிய வர, அந்த ஊர் பேரே ஒட்டிக்கிச்சு. மூச்சுத் திணறல், கழுத்து திருகிக்கறது, இறக்கை தொங்கறதுன்னு வரும். தடுப்பூசி போடாத கூட்டத்துல புகுந்தா பெரும்பாலானதைக் கொண்டு போயிடும்.

இதுக்கு மருந்து கிடையாது. நல்லாப் படிங்க... கிடையாது! ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒண்ணும் பண்ணாது. சும்மா சும்மா ஆன்டிபயாடிக் கொடுத்தா, மனுஷனுக்கு வேணும்ங்கற நேரத்துல அந்த மருந்தே வேலை செய்யாமப் போகும். மனுஷ உயிரைக் காப்பாத்த கடைசி ஆயுதமா டாக்டர்கள் வெச்சிருக்கற கோலிஸ்டின் மருந்தை, கோழி உள்பட உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இதுக்காகத்தான்.

மருந்து இல்லை. ஆனா தடுப்பூசி இருக்கு! குஞ்சுக்கு முதல் வாரத்துல கண்ணுல அல்லது மூக்குல ஒரு சொட்டு. மூணு, நாலு வாரத்துல லசோட்டா. எட்டாவது வாரத்துல இறக்கைக்குக் கீழே ஊசி. அப்புறம் கால்நடை டாக்டர் சொல்ற இடைவெளியில திரும்பவும். அரசு கால்நடை மருந்தகத்துல இதைப் போடுவாங்க. பிப்ரவரி மாசத்துல கால்நடைத் துறை ரெண்டு வார முகாமே நடத்தறது வழக்கம்.

அப்படின்னா ஏன் எல்லாரும் போடறதில்லை? இங்கேதான் சிக்கல். தடுப்பு மருந்து சின்ன குப்பியா இருந்தாலும் நூறு, இருநூறு கோழிக்கான அளவுல வரும். குளிர்ச்சி விடாம ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போகணும். கரைச்சுட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும். ஆயிரம் கோழி வெச்சிருக்கறவருக்கு இது பிரச்னையே இல்லை. ஒன்பது கோழி வெச்சிருக்கற அக்காவுக்கு? மருந்தகம் திறந்திருக்கற நேரத்துல அவங்க கம்பெனியில துணியைப் புரட்டிட்டிருப்பாங்க. ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் கட்!

ஒரு வீதி... ஒரு குப்பி!

இந்தக் கணக்கை மாத்திப் போடுங்க. ஒரு வீட்டுக்கு ஒன்பது கோழி. ஒரு வீதிக்கு இருபது வீடுன்னா 180 கோழி. ஒரே குப்பி, ஒரே ஞாயித்துக்கிழமை காலை, ரெண்டு மணி நேரம். வேலை முடிஞ்சுது!

அதுக்கு வேண்டியது முன்கூட்டியே வீடு வீடாப் போய்க் கோழியை எண்ணி லிஸ்ட் எடுக்க ரெண்டு பேர், கால்நடை மருந்தகத்துல பேசித் தேதி வாங்க ஒருத்தர், ஐஸ் பெட்டி தூக்க ஒருத்தர், விடியறதுக்கு முன்னாடி கூட்டைத் திறக்காம இருக்கச் சொல்ல ஒருத்தர். மருந்து போடறது டாக்டரோ, அவர் பழக்கின ஆளோதான். நோயான கோழிக்குப் போடக் கூடாது, தனியா ஒதுக்கி வைக்கணும். வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மருந்துல இருக்கறது உயிருள்ள வைரஸ், கண்ணுல பட்டா எரிச்சல் வரும்.

படிச்சதும் என்ன தோணுது? எனக்குத் தோணுனது என்.எஸ்.எஸ். கேம்ப். வருஷா வருஷம் கிராமத்துக்குப் போய்ச் செடி நட்டு போட்டோ எடுத்துட்டு வர்றோமே, ஒரு நாளை இதுக்கு ஒதுக்கினா என்ன? உடுமலைப்பேட்டையில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. அங்கே படிக்கறவங்களும் நம்ம வயசுதான். பேசினா வர மாட்டேன்னா சொல்லப் போறாங்க?

கடைசியா ஒரு எச்சரிக்கை. ‘குஞ்சு நாங்க தர்றோம், பணம் மட்டும் கட்டுங்க, மாசாமாசம் வருமானம்’னு யாராவது நோட்டீஸ் கொடுத்தா பக்கத்து ஊர் பெருந்துறையை நினைச்சுக்கோங்க. ஈமு கோழியில காசு போட்டவங்க 2012-ல் தெருவுக்கு வந்தாங்க. கோழியில லாபம் முட்டையா, குஞ்சா, கறியா வரணும். டெபாசிட் வட்டியா வந்தா அது கோழி இல்லை, பொறி!

பெருமாநல்லூர் அக்காகிட்ட இந்த வீதிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ‘‘எங்க வீதியில பதினாலு ஊட்டுல கோழி இருக்குது கண்ணு. ஞாயித்துக்கெழமைன்னா எல்லாரும் ஊட்லதான் இருப்பாங்க. நீங்க டாக்டரக் கேட்டுச் சொல்லுங்க, எண்ணி வெக்கறது எம் பொறுப்பு!’’

எண்ண அவங்க ரெடி. ஐஸ் பெட்டி தூக்க யாரெல்லாம் ரெடி?