சோழமண்டலத்துச் சித்திரக் குடும்பங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கம் என்னும் இடத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டி, மனைவி மக்களோடு குடியிருந்து, தங்கள் சிருஷ்டிகளைத் தாங்களே காட்சிக்கு வைத்து விற்கும்பொருட்டு 1966இல் ஸ்தாபித்த ஊர் ஒன்று உண்டு. அதுவே சோழமண்டலம் கலைக் கிராமம்.

இதற்கு மூலபுருஷர் கே.சி.எஸ். பணிக்கர். தேவிபிரசாத் ராய் சௌதுரிக்குப் பின் 1957இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வரான அவர், திறமை மிக்க மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஜீவனோபாயத்தின்பொருட்டுத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டு வருந்தினார். புதுமுறைச் சித்திரங்களை வாங்குவோர் அந்நாளில் சென்னையில் அரிதாகவே இருந்தனர். ஆகவே, சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசித் துணியைச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் ‘பாத்திக்’ வேலையையும் அது போன்ற பிற கைத்தொழில்களையும் மாணவர்கள் மேற்கொண்டு, அவ்வருவாயால் வயிறு வளர்த்து, எஞ்சிய நேரத்தில் எவர் ருசிக்கும் வளையாமல் வரையலாம் என்பது அவர் கண்ட உபாயம். அவ்விதம் சேர்ந்த பணமே நிலமாயிற்று. கைவினையைக் கலைக்குத் தங்கையாக்கிப் பின்வரிசையில் உட்கார்த்தும் விமரிசகர்கள், இந்தக் கிராமத்தின் சுவர்களை எழுப்பியது அந்தத் தங்கைதான் என்பதை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை, நவீன ஓவியம் நமக்கு விளங்காது என்று ஒதுங்குவோர் முதலில் பார்க்கத் தக்கது. ஜாதகக் கட்டங்களைப் போன்ற வரைகள், வாசிக்க முடியாத எழுத்து வரிகள், இடையிடையே சிறு உருவங்கள் இவையே அதன் சரக்கு. கடலே காணாத எங்கள் தருமபுரி மாவட்டத்தில், ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவைச் செதுக்கி, அவன் கதையை அதே கல்லில் வட்டெழுத்தாகப் பொறித்த நடுகற்கள் பல உள்ளன. எழுத்தையும் உருவத்தையும் ஒரே பரப்பில் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணுக்குப் பணிக்கரின் படம் அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கிராமம் எல்லோரையும் காத்துவிடவில்லை. கனவுலகம் போன்ற நுண்ணிய கோட்டோவியங்களை வரைந்த கே. ராமானுஜம் இங்கே வாழ்ந்து, 1973இல் இளவயதிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பணிக்கரும் 1977இல் மறைந்தார். ஆயினும் அவர் புதல்வர் எஸ். நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, முன்புறமிருந்தே பார்க்க வேண்டிய சிற்பங்களைப் படைத்துத் தமக்கெனப் புகழ் தேடிக்கொண்டதோடு, தந்தை விட்டுச்சென்ற நிர்வாகப் பொறுப்பிலும் பங்கேற்று 2017இல் தாம் மறையும்வரை உழைத்தார். சென்னைக் கலைப் பள்ளியை மையமாகக் கொண்டு எழுந்த ‘சென்னை இயக்கம்’ என்னும் நவீனக் கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகளுக்கென 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதையும் திறந்தவெளிச் சிற்பங்களையும் பொதுமக்கள் பார்க்கலாம். வெளியூர் ஓவியர்கள் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கக் கூடங்களும் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன.