கிளட்ச் நழுவுகிறதா? பிளேட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறுகிறது. வண்டி பழைய வேகத்திலேயே ஊர்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. இன்ஜினின் இழுவிசை சக்கரத்துக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இது தெளிவான அறிகுறி. உடனே “பிளேட் போச்சு” என்று முடிவுகட்டிப் பணத்தை எடுத்துவைப்பவர்கள் பலர். ஆனால் செலவே இல்லாமல் தீரும் காரணங்களும் இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிளட்ச் ஹவுசிங்குக்குள் உராய்வுப் பிளேட்டுகளும் ஸ்டீல் பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கி அழுத்துவதால் எல்லாம் ஒன்றாகச் சுழல்கின்றன. லீவரைப் பிடித்தால் அழுத்தம் தளர்ந்து அடுக்கு பிரிகிறது. தாம்பரம் முதல் கிளாம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே நகரும் வண்டியில் இந்தப் பிளேட்டுகள் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்த உராய்வில் எழும் சூடுதான் பிளேட்டின் ஆயுளைக் குறைக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. காலியான சாலையில் டாப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். சத்தத்தோடு வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் முந்திக்கொண்டு வேகம் பின்தங்கினால் நழுவுகிறது.

அடுத்து கேபிள். லீவரை மெல்ல இழுக்கும்போது இறுக்கம் பிடிக்கும் முன் சிறிது தூரம் சும்மா நகர வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘பிளே’ என்கிறார்கள். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. இருக்கும்; வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. பிளே அறவே இல்லையென்றால், லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்ச்சை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். அட்ஜஸ்டர் நட்டைத் திருப்பினாலே சரியாகிவிடும். மழையில் நனைந்து உள்ளே துருவேறிய கேபிள் சிக்கிக்கொண்டு லீவரை முழுதாகத் திரும்பவிடாது. அதை மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, ஆயில். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கிளட்ச்சும் பிரைமரி செயினும் இடப்பக்க உறைக்குள் தனி ஆயிலில் ஓடின. இன்றைய பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு இருக்க வேண்டும், எம்.பி. என்பது ஸ்கூட்டருக்கானது.

தென் சென்னைப் புறநகருக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் புறநகரை மூழ்கடித்தது. தண்ணீரில் நின்ற வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பழைய ஆயிலை வடித்துப் புதிதை ஊற்றிச் சிறிது ஓடவிட்டு, மீண்டும் வெளுத்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும். ஈரம் தங்கினால் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசை பலவீனமடையும்.

கேபிளும் ஆயிலும் சரியாக இருந்தும் நழுவினால்தான் உறையைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். உராய்வுப் பிளேட்டின் கனத்தை வெர்னியரால் அளந்து கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜைச் செருகினால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்த பிளேட். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்திருந்தால் எல்லா ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

புதுப் பிளேட்டுகளை இன்ஜின் ஆயிலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பூட்டுவது அவசியம். உலர்ந்த பிளேட் ஓட்டத் தொடங்கியதுமே கருகும். கேஸ்கட்டும் புதிதாகவே இருக்கட்டும். கழற்றிய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை. புதுப் பிளேட் பழகும்போது பிளே மாறும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதை மறுபடி அளந்து சரிசெய்துகொள்ள வேண்டும்.